குளிர்காய்ச்சல் பிசாசும் கண்ணாடித் தட்டும்

நமது நாட்டில் ஒரு மருந்தை ஜனங்கள் நம்புவதற்கு வேண்டிய யோக்கியதைகள் என்னவென்று பார்த்தால், அது பழமையானதா, யாராவது ஒரு ரிஷியோ சித்தரோ சொன்னதா, அடுத்த தெருவில் யாருக்காவது குணமானதாகப் பேச்சு இருக்கிறதா என்கிற மூன்றுக்கு மேல் நாலாவது ஒன்று கிடையாது. “இந்த மருந்து எங்கே பரீட்சை செய்யப்பட்டது? தோற்றுப் போவதற்கும் இடமுள்ள பரீட்சையாக அது இருந்ததா?” என்று கேட்கிறவனை அதிகப்பிரசங்கி என்றும் நாஸ்திகன் என்றும் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்டால்தான் நாஸ்திகம் என்று நாம் நினைத்திருந்தோம். கஷாயத்தைப் பற்றிக் கேட்டாலும் நாஸ்திகம்தான் போலிருக்கிறது!

ஆகையால் மலேரியா என்கிற குளிர்காய்ச்சலுக்கு மருந்துகளைப் பரீட்சிக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று இருக்கிறோம். தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. தண்ணீர்ப் பஞ்சத்தினால் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டியும், கிணற்றை மூடாமல் விட்டும் வாழ்கிற ஊர்களில் இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற கொசு சுகமாய்க் குடித்தனம் செய்யும். சர்க்கார் நகர்ப்புற மலேரியாவுக்கு என்று தனித் திட்டம் போட்டபோது நமது தூத்துக்குடியும் அதில் சேர்க்கப்பட்ட ஊர்தான். இப்பொழுது தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் கப்பலிலும் ரயிலிலும் பல தேசத்தார் வந்துபோகிற துறைமுகத்தில் அது மறுபடியும் வந்து இறங்குவதற்குப் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை.

இந்தக் காய்ச்சலில் ஒரு விசேஷம் உண்டு. குளிர், நடுக்கல், பிறகு கொதிப்பு, பிறகு வேர்வை. மறுநாள் ஆள் எழுந்து நடமாடுவான். அதற்கடுத்த நாள் ஏறக்குறைய அதே வேளைக்கு மறுபடியும் நடுக்கல். முறைக்காய்ச்சல் என்று பெயர் வந்ததே இதனால்தான். முறை தவறாமல் வருகிறபடியால் யாரோ அனுப்பி வருகிறது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அனுப்பினவர் யார் என்று சொல்லிப் பிழைக்க ஒரு கூட்டம் ஏற்பட்டது. வேப்பிலை அடிப்பதும், கயிறு மந்திரித்துக் கட்டுவதும், தாயத்தும், ஓதின தண்ணீரும், கோவில் எண்ணெயும் எல்லா மதத்திலும் வியாபாரமாயின. காய்ச்சல் இறங்குகிற நாளில் கயிறு கட்டினவன் பாடு யோகந்தான். விஷயம் என்னவென்றால், மலேரியாக் கிருமி இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதற்குள் இருக்கிற சத்தைத் தின்று, ஒன்று பலவாய்ப் பெருகி, 48 மணி நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே வேளையில் உடைகிறபோது உடம்பு நடுங்குகிறது. 48 மணிக்கு ஒருமுறை என்கிற கணக்கு பிசாசின் கணக்கல்ல, கிருமியின் பிள்ளைப்பேற்றுக் கணக்கு.

மந்திரத்துக்கும் பரீட்சைக்கும் உள்ள வித்தியாசம் நமது முத்துக்குளிப்புக் கரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் முன்னோர் கூலி கொடுத்து அனுபவித்த விஷயம் அது. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கு என்று கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் நமது கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்கிற வெனிஸ் நகரத்துக்காரர், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். அவர் அவர்களுக்குச் சொல்லுகிற பெயரைப் பார்த்தால் அது பிராமணர் என்பதின் திரிபு என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அந்த மந்திரம் பகலுக்கு மாத்திரந்தானாம். ராத்திரியில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாய் யாரும் முங்கி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக! பின்னால் வந்த வெள்ளைக்காரச் சர்க்காரும், கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் முங்க மாட்டோம் என்கிறபடியால், மன்னார் வளைகுடாவில் அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது.

இத்தனை நூறு வருஷத்தில் ஒரு தடவையாவது, பாதிப் படகுக்கு மந்திரம் போட்டு, பாதிப் படகுக்குப் போடாமல் விட்டு, எந்தப் பாதியில் சுறா அதிகம் கடித்தது என்று எண்ணிப் பார்த்தார்களா? அந்த ஒரு காரியத்தைச் செய்தவர் இல்லை. கடிக்காவிட்டால் மந்திரத்தின் மகிமை. கடித்துவிட்டால் முங்கினவன் சுத்தமில்லை. தோற்க வழியே இல்லாத பந்தயத்தில் குதிரை எவ்வளவு நொண்டியாயிருந்தாலும் ஜெயித்துக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது மருந்துக்கு வருவோம். மலேரியாவுக்கு முதல் முதல் நன்றாய் வேலை செய்த மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. தென் அமெரிக்க மரம். பட்டையிலிருந்து குவினைன் என்கிற சாரத்தை 1820-ல் பிரெஞ்சுக்காரர் இருவர் பிரித்தெடுத்தார்கள். 1860-க்குப் பிறகு அந்த மரம் நமது நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராயிற்று. பட்டையில் குவினைனோடு இன்னும் மூன்று சாரங்கள் இருந்தன. குவினைன் விலை ஏழைகளுக்கு எட்டாததாய் இருந்தபடியால், மற்ற மூன்றும் உபயோகப்படுமா என்று பார்க்க 1866-ல் சென்னை மாகாணத்தில் ஒரு குழு ஏற்பட்டது. 1868 வரையில் சுமார் 3600 காய்ச்சல்காரர்களிடம் நான்கு சாரங்களும் பரீட்சிக்கப்பட்டன. நான்கிலுமே 100-க்கு 98 பேருக்கு மேல் காய்ச்சல் நின்றது என்று கண்டார்கள். பணக்காரன் மருந்துக்கும் ஏழை மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதை நம் மாகாணத்திலேயே எண்ணிக்கை போட்டுக் காட்டின காரியம் இது. நமது பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் பட்டாபிஷேகங்களுக்கு இடமிருக்கிறதே ஒழிய இதற்கு ஒரு வரி இல்லை.

ஆனால் அதிலும் ஒரு பெரிய குறை உண்டு. அப்பொழுது கிருமியையே யாரும் பார்த்ததில்லை. அல்ஜீரியாவில் லாவெரான் என்கிற பிரெஞ்சு இராணுவ டாக்டர் அதைப் பூதக்கண்ணாடியில் கண்டது 1880-ல். சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அதைக் கண்டது 1897-ல். ஆகவே 1866-ல் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் யாருக்கு மெய்யாகவே மலேரியா, யாருக்குத் தானே தீர்ந்துபோகிற வேறு காய்ச்சல் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பரீட்சை செய்தால் மட்டும் போதாது, எதைப் பரீட்சிக்கிறோம் என்பதும் கையில் பிடிபட வேண்டும்.

கிருமி கண்ணுக்குத் தெரிந்த பிறகு அதன் மேல் மருந்தைப் போட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கிருமியோ உடம்புக்குள் இருக்கிறது. யாருடைய உடம்பு? பறவைகளையும் எலிகளையும் குரங்குகளையும் கொண்டு பார்த்தார்கள். ஆனால் பறவையின் மலேரியா வேறு, மனிதனுடையது வேறு. ஆகையால் மனித உடம்பும் தேவைப்பட்டது. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஸ்டேட்வில் சிறையில் 1940-களில் 400-க்கு மேற்பட்ட கைதிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவைக் கொடுத்து மருந்து பரீட்சித்தார்கள். தண்டனை குறையும் என்கிற ஆசையில் கையெழுத்துப் போட்டவனுடைய சம்மதம் எந்த விதத்தில் சம்மதமாகும்? பரீட்சை வேண்டும் என்று சொல்லுகிற நாம், யார் முதுகின் மேல் பரீட்சை என்று கேட்காமல் இருக்க முடியாது. எந்தத் தேசத்திலும் அந்த முதுகு கைதியுடையதாகவோ ஏழையுடையதாகவோ இருந்ததே அல்லாமல், மந்திரியுடையதாக இருந்ததில்லை.

இந்த நிலைமையை மாற்றினது கிருமியை உடம்புக்கு வெளியே வளர்க்கிற வித்தை. உள்ளே மாத்திரமே விளையும் என்று நினைத்ததை வெளியே வளர்ப்பது என்றால் என்ன என்பதற்குத் தூத்துக்குடியிலேயே ஓர் உதாரணம் உண்டு. சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்று நமது பண்டிதர்கள் ரொம்ப காலம் பாடிக்கொண்டிருந்தார்கள். 1973-ல் நமது ஊரிலே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்கிற விஞ்ஞானி, சிப்பிக்குள் ஓர் உருண்டை மணியையும் இன்னொரு சிப்பியின் சதைத்துண்டையும் வைத்து, எந்த நட்சத்திரத்தின் அனுமதியும் இல்லாமல் முத்தை விளைவித்துக் காட்டினார். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்கச் செய்தார்கள்.

அதுபோலவே, ரத்தத்துக்குள் மட்டும் வாழுகிற மலேரியாக் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வாழவைக்கப் பலர் பல வருஷங்களாக முயன்றார்கள். சில நாட்களில் அது செத்துப் போகும். 1976-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகர் என்பவரும், அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ஜென்சன் என்பவரும் அதைச் சாதித்தார்கள். டிரேகருக்கு அப்போது வயது 66. மனித ரத்தத்தின் சிவப்பணுக்கள், அதற்கு ஒரு சத்துநீர், கொஞ்சம் மனித ரத்தத்தின் தெளிநீர், 37 டிக்கிரி உஷ்ணம், இவ்வளவுதான் சாமான்கள். சூட்சுமம் காற்றில் இருந்தது. கிருமிக்குப் பிராணவாயு குறைவாகவும் கரியமிலவாயு அதிகமாகவும் வேண்டும். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? தட்டுகளை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, உள்ளே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அது அணையப் போகிற நேரத்தில் மூடியை இறுக்கிவிட்டார்கள். காய்ச்சல் போவதற்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்ளுகிற நமது கரைக்கு, மெழுகுவத்தி ஏற்றிக் காய்ச்சலை வளர்த்த கதை வேடிக்கையாகத்தான் இருக்கும்!

அன்று முதல் பால்சிபாரம் என்கிற, உயிருக்கே உலை வைக்கிற மலேரியாக் கிருமி உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்ந்து வருகிறது. அதில் வெகு பிரசித்தமான ஒரு வம்சம், ஹாலந்து தேசத்தில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்துக்கு அருகில் வசித்த ஒருவரின் ரத்தத்திலிருந்து வந்தது. ஆகாயவிமானத்தில் டிக்கெட் இல்லாமல் வந்த கொசு கடித்திருக்கும் என்பது ஆராய்ச்சிக்காரர்களின் அபிப்பிராயம். தட்டில் ஊற்றுகிற ரத்தம் ஐயருடையதா பறையருடையதா மேசைக்காரருடையதா என்று அந்தக் கிருமி இதுவரை கேட்டதாகத் தகவல் இல்லை.

இனி மருந்துப் பரீட்சை எப்படி என்று பார்ப்போம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு; அதில் வரிசைக்கு 12-ஆக 8 வரிசை, ஆக 96 சிறு குழிகள். எல்லாவற்றிலும் கிருமியுள்ள ரத்தம். முதல் குழியில் மருந்து அதிகம், அடுத்ததில் அதில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி. இப்படியே குறைத்துக்கொண்டு போய், இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, எந்த அளவில் கிருமியின் பெருக்கம் பாதியாகக் குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். கணக்கிடுகிற விதமும் அழகானது. மனிதனுடைய சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, கிருமிக்கு உண்டு. உட்கருவில் இருக்கிற பொருளைப் பிடித்துக்கொண்டு ஒளிவிடுகிற ஒரு சாயத்தைப் போட்டால், ஒளிவிடுவது அவ்வளவும் கிருமி. ஒளி அதிகமானால் மருந்து தோற்றது, மங்கினால் மருந்து ஜெயித்தது.

இதிலே நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது மருந்து போட்ட குழிகளை அல்ல. மருந்து போடாத குழிகள் சில ஒவ்வொரு தட்டிலும் விடப்பட்டிருக்கும். அந்தக் குழியில் கிருமி செழித்து வளர்ந்திருக்க வேண்டும். அங்கேயும் கிருமி செத்துக் கிடந்தால், மருந்துக் குழிகளில் கிருமி செத்ததற்கு மருந்துதான் காரணம் என்று சொல்லுகிற யோக்கியதை போய்விட்டது. தட்டு முழுவதையும் தூர எறிந்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்க வேண்டியதுதான். கடல்கட்டியிடத்தில் இல்லாமற்போனது இந்த வெறுங்குழி. தாயத்துக்காரரிடத்திலும், “எங்கள் தாத்தா காலத்து மருந்து” என்கிறவரிடத்திலும் இல்லாமல் இருப்பது இதுவே. இன்னொரு பக்கம், அதே மருந்தை மனித உடம்பின் அணுக்களின் மேலும் போட்டுப் பார்க்கிறார்கள். ஏனெனில் திராவகத்தை ஊற்றினாலும் கிருமி சாகும், ஆளும் சாவான்.

இந்த முறையினால் எவ்வளவு வேகம் வந்தது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். ஸ்பெயின் தேசத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் சுமார் 20 லட்சம் ரசாயனப் பொருள்களைத் தட்டில் வளர்த்த கிருமியின் மேல் போட்டுப் பார்த்து, முதல் பரீட்சையில் தேறின 13,500-க்குச் சில்லறையை 2010-ல் உலகத்துக்கெல்லாம் வெளியிட்டார்கள். அவ்வளவும் மருந்தாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. 20 லட்சத்தையும் கைதிகளின் உடம்பில் ஏற்றிப் பார்த்திருக்க முடியுமா என்பதை மாத்திரம் யோசித்துப் பாருங்கள்.

“அப்படியானால் நமது நாட்டு மருந்தெல்லாம் குப்பையா?” என்று சில தோழர்கள் கோபிப்பார்கள். குப்பை என்று நாம் சொல்லவில்லை. குவினைனும் மரப்பட்டைதான். சீன தேசத்தில் து யூயூ என்கிற அம்மையார், 1969 முதல் தன் கூட்டாளிகளுடன் பழைய வைத்திய ஏடுகளையும் நாட்டு வைத்தியர்களையும் தேடி 2000-க்கு மேற்பட்ட முறைகளைச் சேகரித்தார். அதிலிருந்து சுமார் 200 பச்சிலைகளை எடுத்து, 380-க்கு மேற்பட்ட சாறுகள் தயார் செய்து, மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாசிப்பச்சையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூண்டின் சாறு சில தடவை கேட்டது, சில தடவை கேட்கவில்லை. 4-ம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் அந்தப் பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கண்டு, காய்ச்சுகிற சூட்டினால்தான் சத்து போய்விடுகிறதோ என்று சந்தேகித்து, சூடு குறைத்துச் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ம் நம்பர் சாறு எலியிலிருந்த கிருமி முழுவதையும் ஒழித்தது. அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் நோபல் பரிசும் வந்தது.

இதைக் காட்டி, “பார்த்தீர்களா, பழைய ஏட்டில் எல்லாம் இருக்கிறது” என்று நம்மவர்கள் குதிப்பதையும் கேட்டிருக்கிறோம். அவர்கள் 191 என்கிற நம்பரைப் பார்க்கிறார்களே ஒழிய, முன்னும் பின்னும் தள்ளப்பட்ட சாறுகளைப் பார்ப்பதில்லை. அவையும் பழைய ஏட்டிலிருந்து வந்தவைதானே! ஏடு சொன்னது யோசனை; தீர்ப்புச் சொன்னது பரீட்சை. நமது நிலவேம்பும் வேறு எந்த மூலிகையும் அதே வாசல் வழியாக வரட்டும். தட்டிலும் எலியிலும் பிறகு ஒழுங்கான முறையில் மனிதரிடத்திலும் ஜெயித்து வந்தால் மாலை போட நாமும் தயார். இதற்கு நேர்மாறான சங்கதி ஒன்று: ஹானிமன் என்கிற ஜெர்மன் டாக்டர் 1790-ல் சிங்கோனாப் பட்டையைத் தாமே தின்று பார்த்தார். காய்ச்சல் போன்ற குறிகள் தமக்கு உண்டானதாகக் கண்டார். ஒரு மனிதன், ஒரு உடம்பு, வெறுங்குழி கிடையாது. அதிலிருந்து கிளம்பினது ஹோமியோபதி என்கிற வைத்தியமே!

விஞ்ஞானக்காரர் தங்கள் மருந்துக்கு மட்டும் சலுகை காட்டுகிறார்கள் என்று யாரும் சொல்ல இடமில்லை. ஜெர்மனியில் 1934-ல் பிறந்த குளோரோகுயின் ஒரு காலத்தில் மலேரியாவுக்கு எமனாயிருந்தது. கிருமி ரத்தச் சத்தைத் தின்னும்போது உண்டாகிற விஷத்தைக் கட்டியாக்கி ஒதுக்கிவைத்துக்கொள்ளும். அந்த ஒதுக்குகிற வேலையைக் குளோரோகுயின் கெடுத்துவிடும். கிருமி தன் விஷத்திலேயே சாகும். ஆனால் கிருமி மாறிக்கொண்டது. இந்தியாவில் 1973-ல் அசாமில் குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பரவிற்று. 2010-ல் இந்தியச் சர்க்கார் நாடு முழுவதும் பால்சிபாரத்துக்குக் குளோரோகுயினை நிறுத்தி, ஆர்ட்டிமிசினின் இனத்து மருந்தை வேறொன்றோடு சேர்த்துக் கொடுக்க உத்தரவிட்டது. புகழ் பெற்ற மருந்தை, பல வருஷம் உயிர் காத்த மருந்தை, தோற்றது என்று தெரிந்த பிறகு இறக்கிவிட்டார்கள். கேட்கவில்லை என்கிற காரணத்துக்காக எந்த மந்திரமாவது எந்தக் காலத்திலாவது வாபஸ் வாங்கப்பட்டிருக்கிறதா?

புது மருந்தும் என்றைக்காவது தோற்குமா என்பதையும் தட்டிலேயே முன்கூட்டிப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கிருமி வம்சத்தை 5 வருஷ காலம் ஆர்ட்டிமிசினினைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி ஊட்டி வளர்த்து, தப்பிப் பிழைத்த கிருமியின் பரம்பரைச் சரக்கில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2014-ல் கண்டுபிடித்தார்கள். கம்போடியாவில் மருந்துக்கு மெதுவாய் அடங்குகிற நோயாளிகளின் கிருமியிலும் அதே இடத்தில் மாற்றங்கள் இருந்தன. இப்பொழுது ஒரு சொட்டு ரத்தத்தைக் கொண்டே அந்த மாற்றம் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு தட்டுக்கு ஒரு பூஜை போட்டுவிடக் கூடாது. அதனால் ஆகாதது அநேகம். முக்கியமாக, நமது கரையில் அதிகமாய்க் காண்கிற வைவாக்ஸ் என்கிற மலேரியாவின் கிருமியை, பால்சிபாரத்தைப் போல நிரந்தரமாய்த் தட்டில் வளர்க்க இன்றுவரை முடியவில்லை. அது முதிர்ந்த சிவப்பணுவைத் தொடாது. புதிதாய்ப் பிறந்த இளம் அணுதான் அதற்கு வேண்டும். இளம் அணு ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆகையால் கோவா போன்ற இடங்களில் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் அவர் சம்மதத்தோடு ரத்தம் எடுத்து, சில மணி நேரத்துக்குள் மருந்தோடு தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அதோடு இந்த வைவாக்ஸ் ஈரலிலும் போய் ஒளிந்து தூங்கும். ரத்தத்திலுள்ள கிருமியைக் குளோரோகுயின் மூன்று நாளில் ஒழித்துவிடும். ஈரலில் தூங்குகிறதை அது தொடுவதில்லை. அதற்குப் பிரைமாகுயின் என்கிற இன்னொரு மாத்திரை 14 நாள் சாப்பிட வேண்டும். மேலே சொன்ன அந்தச் சிறைக் கைதிகளின் உடம்பில் பரீட்சிக்கப்பட்டதுதான் அந்த மாத்திரை.

நடக்கிற காரியம் என்னவென்றால், உப்பளத்துக்கும் படகுக்கும் போகிற ஆள் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டவுடன் பதினாலு நாள் மாத்திரையைக் கூரையில் செருகிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். இரண்டு மூன்று மாதம் கழித்து ஈரலில் தூங்கினது விழித்துக்கொள்ளுகிறது. “டாக்டர் மாத்திரை கேட்கவில்லை, இது வேறே சங்கதி” என்று பக்கத்து வீட்டம்மாள் சொல்லுகிறாள். கயிறு மந்திரிக்கிறவருக்கு வரும்படி அங்கே ஆரம்பமாகிறது. குளிரோடு காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்து எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ளலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. பிரைமாகுயினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் உள்ள ஒரு குறையினால் அது ஆகாது. மாத்திரை சாப்பிடும்போது மூத்திரம் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். மற்றவர்கள் நாலாம் நாள் உடம்பு தேறிவிட்டது என்றாலும் பதினாலு நாளும் விடாமல் சாப்பிடவேண்டும்.